நிழல் விழாத நண்பகல்

கோலார் தங்கவயலின் கோடைத் தெருவைப் படமெடுக்க வருபவருக்கு முதல் படம் ரயிலடியில், விடிவதற்கு முன்பே கிடைத்துவிடும். சித்திரை, வைகாசியில் இங்கே ஆறு மணியளவில் சூரியன் எழுகிறது. அதற்குள் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலுக்குக் கூட்டம் சேர்ந்திருக்கும். தோள்பையில் டிபன் பாக்ஸ், ஈரம் காயாத தலையில் ஒரு முழம் மல்லிகை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, பிளாட்பார பெஞ்சில் சாய்ந்து விட்ட தூக்கத்தைத் தொடரும் இளைஞன். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா முகங்களிலும் லேசாக நீலம் ஏறியிருக்கும். ரயில் உள்ளே வந்ததும் இடம் பிடிக்க ஓடுகிறவர்களின் உருவம் படத்தில் கலங்கிப்போகும். கலங்காத படம் வேண்டுமென்று காத்திருப்பவர் அந்த நேரத்து ஊரைத் தவறவிடுவார்.

சென்னை–பெங்களூர் தடத்தில் பங்காரப்பேட்டையில் பிரிகிறது இந்தக் கிளைப் பாதை. 1894-ல் சுரங்கங்களுக்காகப் போட்டது. கொரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையப் பெயர்களைப் படித்தால் பழைய சுரங்க வரைபடத்தையே படித்த மாதிரி இருக்கும். பின்னால் வந்து சேர்ந்த பெமல் நகர் மட்டும் அந்த வரிசையில் புதுசு. இயந்திரத்தையும் ஆட்களையும் ஊருக்குள் கொண்டுவந்து கொட்டிய ரயில், இப்போது விடிந்தால் ஆட்களை வெளியே ஏற்றிப்போகிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியது. அதன் பிறகு தங்கவயலின் பிழைப்பு பெரும்பாலும் பெங்களூரில்தான். போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர், வாரத்தில் ஆறு நாள். அதனால்தான் பகல் பொழுதில் இந்தத் தெருக்களில் எடுத்த படங்களில் வயதானவர்களும் பெண்களும் பிள்ளைகளுமே நிறைந்திருப்பார்கள். நடுவயது ஆட்கள் எங்கே என்று கேட்டால், அதற்கு விடை இந்த முதல் படத்தில் இருக்கிறது.

ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரம். வேலூரும் ஆம்பூரும் நாற்பது டிகிரியில் வேகிற நாளில் இங்கே முப்பத்தைந்தை ஒட்டி நின்றுவிடும். ராத்திரி வாசலில் கட்டில் போட்டால் விடியற்காலையில் போர்வை தேடவேண்டிவரும். ஆங்கிலேயர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று கொண்டாடியதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்து காலூன்றிய பிறகு, அவர்கள் தங்களுக்கு ஓட்டுக்கூரை பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் கட்டிக்கொண்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பங்கள். பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள், அதிலும் பெரும்பாலும் தலித்துகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேர் வேலை பார்த்த சுரங்கத்தில் மூடும்போது இருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். சுரங்கம் நடந்த 120 ஆண்டுகளில் மேலே வந்த தங்கம் 800 டன்னுக்கு மேல்.

கடைப் பலகையில் கன்னடம், கல்லாவில் தமிழ், காய்கறி வண்டியில் தெலுங்கு, டெய்லர் கடையில் உருது என்பது இங்கே சாதாரணம். இந்த நாலும் படத்தில் பதியாது. பலகை மட்டும்தான் பதியும். அதைப் பார்த்து ஊரின் பேச்சை முடிவு செய்கிற வெளியூர்க்காரர் ஏமாந்துபோவார்.

வெயில் என்ற சொல்லுக்கும் இந்த ஊரில் வேறு கணக்கு உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகத்தின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலேயிருந்து குளிர்காற்றை இயந்திரம் வைத்து அனுப்பித்தான் அங்கே மனிதர்கள் நின்று வேலை செய்ய முடிந்தது. கோடைக்கு நிழல் தேடி உள்ளே ஒதுங்குவது மற்ற ஊர் வழக்கம். தங்கவயலில் சித்திரை வெயிலுக்கு மேலே ஏறி வருவதே நிழலுக்கு வருவதாக இருந்தது. நாலைந்து தலைமுறை அப்படி வாழ்ந்திருக்கிறது. நண்பகலில் திண்ணையில் சட்டையில்லாமல் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளியின் படத்தை எடுப்பவர், அவர் ஏன் உள்ளே போகாமல் இருக்கிறார் என்று யோசித்தால் இந்தக் கணக்கு பிடிபடும். பாறைத்தூசியால் வரும் நுரையீரல் நோயும் அப்படிப்பட்ட பலரை வாசல் காற்றுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது. அது படத்தில் தெரியாது. இருமல் கேட்டால்தான் தெரியும்.

பழைய படங்களில் தெருவைத் தேடினால் அதிகம் கிடைக்காது. கம்பெனிக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் படங்கள். குழிக்கு மேலே நிற்கும் சக்கரக் கோபுரம், பாறை இடிக்கும் ஆலை, கரும்புகை கக்கும் புகைபோக்கி, தொப்பியணிந்த துரைமார் வரிசை. தொழிலாளி அதில் இருந்தாலும் இயந்திரம் எவ்வளவு பெரியது என்று காட்டும் அளவுகோலாகத்தான் இருப்பார். பெயர் இருக்காது. மிஷன் பாதிரியார்கள் எடுத்தது கொஞ்சம் வேறு. வெஸ்லியன் தமிழ் மிஷனின் ஃபிரெட் குட்வில் 1899 முதல் 1924 வரை பெங்களூரிலும் தங்கவயலிலும் வேலை பார்த்தவர். தமிழ் படித்தவர். இப்படிப்பட்டவர்களின் சேகரங்கள் வழியாகத்தான் அந்தக் காலத்து மக்களின் முகமும் உடையும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. இன்னொரு வகைப் பதிவையும் கம்பெனி செய்து பார்த்தது. தொழிலாளர்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்ய முனைந்தபோது, 1930 ஏப்ரலில், இதே கோடையில், ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். அந்த வேலைநிறுத்தம் தங்கவயல் தொழிற்சங்க வரலாற்றின் தலைவாசல். தன்னை யார், எதற்காகப் பதிவு செய்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் இந்த ஊருக்கு அன்றைக்கே இருந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு லைனுக்குள் நுழைகிறவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

லைன் என்பது தொழிலாளர் குடியிருப்பு. ஒரே அளவு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். ஆரம்பத்தில் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசைகள். பிறகு சுவர் வந்தது, தகரமும் சிமெண்ட் ஷீட்டும் வந்தன. வீடு ஒரு அறை, ஒரு அடுப்படி என்ற அளவு. அதில் பத்துப் பேர் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு என்பதால், வீட்டின் பாதி எப்போதுமே தெருவில்தான் இருந்தது. கோடையில் முக்கால்வாசி. காலை ஏழு மணிக்கு ஒரு லைனின் தலைமாட்டில் நின்று எடுத்த படத்தில் இவ்வளவும் ஒன்றாக விழும்: சாணியோ தண்ணீரோ தெளித்த வாசலில் கோலம், கயிற்றுக்கொடியில் பள்ளிக்கூடச் சீருடை (லீவு விட்டும் அதுதான் வீட்டு உடை), வாசற்படியில் உட்கார்ந்து பல் துலக்கும் சிறுவன், பக்கத்திலேயே தலை வாரிக்கொள்ளும் அக்கா, வடாம் பிழியப் பாய் விரிக்கும் பாட்டி. கூரை ஷீட்டின் மேல் மிளகாய் வற்றல் காயும். ஷீட் காயும் சூட்டில் வற்றல் இரண்டே நாளில் தயார். உள்ளே படுப்பவர்களுக்கும் அதே சூடுதான்.

சுவர்களைக் கொஞ்சம் நெருங்கி எடுக்கவேண்டும். பல வீடுகளில் விரிசல் தெரியும். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை ஊரார் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அது வந்தால் மேலே பாத்திரம் அதிரும், சுவர் பிளக்கும், கீழே யார் ஷிஃப்டில் இருக்கிறார்கள் என்று வாசலில் பெண்கள் கூடுவார்கள். சுரங்கம் மூடி இத்தனை வருடம் கழித்தும் விரிசலுக்குப் பூசிய சிமெண்ட் வேறு நிறத்தில் தெரிகிறது. அந்த வீடுகளில் பலவற்றின் பட்டா இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது.

கோடையின் நடுநாயகம் தண்ணீர்க் குடம். பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் குழாயடியில் வரிசை கட்டி நிற்பதைப் போல இந்த ஊரில் படத்துக்கு இணங்கிக் கொடுக்கும் காட்சி வேறில்லை. ஆள் போய்விட்டாலும் குடம் இடத்தைக் காக்கும். யாருடைய குடம் எது என்பது தெருவுக்கே தெரியும். பாலாற்றின் குறுக்கே பேத்தமங்கலத்தில் ஏரி கட்டித் தங்கவயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது சுரங்கத்துக்காகத்தான். ஆலைக்கும் பங்களாவுக்கும் போய் மிஞ்சியது லைன் குழாய்க்கு வந்தது. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஏரிகளை நம்பி இருந்த பூமி, பிறகு ஆயிரம் அடி போர்வெல்லை நம்ப ஆரம்பித்தது. ஏப்ரலில் டேங்கர் லாரி தெருமுனையில் திரும்பும் சத்தத்துக்கு எல்லாக் கதவும் திறக்கும். டேங்கர் குழாயைச் சுற்றிய கைகளை மட்டும் எடுத்த படம், முகங்கள் இல்லாமலே, கோலார் மாவட்டத்துக் கோடையைச் சொல்லிவிடும்.

மின்சாரக் கதையும் இதே ரகம்தான். லைனில் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் மேல்பாதியில் கம்பிகள் குறுக்கே ஓடும். காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902 ஜூனில் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்ததே 1905-ல்தான். பெங்களூரை முந்திய ஊர் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். முந்தியது சுரங்கத்தின் இயந்திரம், லைன் வீட்டின் அடுப்படி இல்லை.

ஒன்பது மணிக்கு மேல் தெரு ராபர்ட்சன்பேட்டைக்கு நகர்கிறது. மைசூர் ரெசிடெண்டாக இருந்த சர் டொனால்ட் ராபர்ட்சன் பெயரில் அமைந்த பேட்டை இது. லைன்கள் சுரங்க வாயிலைப் பார்த்து வளர்ந்தவை, பேட்டை திட்டம் போட்டு நேர்கோட்டில் வெட்டியது. முதல் கிராஸ், இரண்டாவது கிராஸ் என்று தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். நேரான தெரு படமெடுப்பவருக்கு வசதி: காலையில் கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் நின்றால் வெயில் தெருவின் முழுநீளத்துக்கும் வந்து விழும். நகராட்சியின் எம்.ஜி. மார்க்கெட் இந்தப் பேட்டையின் நெஞ்சு. சந்துக்குள் சந்தாகக் கடைகள். மேலே கட்டிய தார்ப்பாயின் நிறம் கீழே இருக்கும் எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்த தக்காளி தக்காளியாக இருக்காது. கோலார் தக்காளிக்குப் பேர்போன மாவட்டம், சந்தையில் அது குவியலாகக் கிடக்கும். அதைப் படத்தில் கறுப்பாகக் காட்டுவது பாவம். தார்ப்பாயின் விளிம்புக்கு, வெயில் நேரே விழும் இடத்துக்கு நகர்ந்துகொள்ள வேண்டும்.

கோடையின் பெரிய வரவு மாம்பழம். இதே மாவட்டத்தின் சீனிவாசபுரம் கர்நாடகத்தின் மாம்பழக் களஞ்சியம். மே மாதத்தில் கிளிமூக்கும் பாதாமியும் ரசபுரியும் தள்ளுவண்டி ஏறிவிடும், பின்னாலேயே நீலம் வரும். கிளிமூக்கு இங்கே பழமாக விற்பதைவிடக் கீற்றுப்போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் காயாக விற்பதுதான் அதிகம். தர்பூசணிக் கீற்று, நன்னாரி சர்பத், கரும்புச்சாறு, மோர் எல்லா ஊரிலும் உண்டு, அதை இங்கே விவரிக்கவேண்டியதில்லை. கேழ்வரகுக் கூழைச் சொல்லவேண்டும். கேழ்வரகு இந்த மண்ணின் பயிர். கன்னட வீட்டில் முத்தே, தமிழ் வீட்டில் களி, வெயில் வந்தால் இரண்டு வீட்டிலும் அதுவே கரைந்து கூழாகிவிடும். எவர்சில்வர் பானை, பக்கத்தில் கிண்ணத்தில் மோர்மிளகாய், நறுக்கிய சின்ன வெங்காயம். வண்டிக்கு முன்னால் நின்று சொம்பை அண்ணாந்து குடிக்கும் ஆட்டோக்காரரின் தொண்டையும், மேலே ஏறிய சொம்பின் அடியில் மின்னும் சூரியனும் ஒரு படத்துக்குப் போதும்.

பிறகு நண்பகல் வருகிறது. படக்கலை சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த நேரத்தில் கேமராவைப் பையில் போடச் சொல்வார்கள். தங்கவயலில் அந்தப் பாடத்தை ஒருநாள் மீறலாம். ஊர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டே நாள், ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும். ஆகஸ்டில் மேகம் மறைத்துவிடக்கூடும், ஏப்ரலில் வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். அன்றைக்குப் பன்னிரண்டேகால் மணிவாக்கில் நிமிர்ந்து நிற்கும் எதற்கும் நிழல் வெளியே விழாது. விளக்குக் கம்பம் தன் காலடியிலேயே நிழலைச் சுருட்டி வைத்துக்கொள்ளும். குடத்தின் நிழல் குடத்துக்கு அடியில் போய்விடும். நடந்துபோகும் பெண் தன் நிழலைத் தானே மிதித்தபடி போவார். குழிகளுக்கு மேலே இன்னும் நிற்கும் இரும்புக் கோபுரங்கள், காலையில் நாலு வீடு தாண்டி நிழல் போட்டவை, கம்பிக்கட்டமாகக் கீழே விழுந்து கிடக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஊர் தட்டையாகி, தரையில் ஒட்டிய காகிதம் போலத் தெரியும். பன்னிரண்டரைக்கு நிழல் மறுபக்கம் எட்டிப்பார்க்க ஆரம்பிக்கும். நாய்கள்தான் அதை முதலில் கண்டுபிடித்து இடம் மாறிப் படுக்கும்.

இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை தெரு காலி. ஐஸ்வண்டி மணிச்சத்தம், எங்கோ ஒரு வீட்டில் தொலைக்காட்சி, வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்திய ஆட்டோவுக்குள் காலை வெளியே நீட்டித் தூங்கும் ஓட்டுநர். இந்த நேரத்தைத்தான் வெளியூர்ப் படக்காரர்கள் சயனைடு மலைக்கு ஒதுக்குகிறார்கள். அதைப் பற்றியும் சொல்லிவிடலாம்.

தங்கம் இருந்த பாறையை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சேற்றைக் கொட்டியதில் உண்டானவை இந்த மேடுகள். மூன்று கோடி டன்னுக்கு மேல் என்று கணக்கு. சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், மழை அறுத்த ஓடைகள், புல்லும் அரிதாகவே முளைக்கும் சரிவு. 2018-லும் 2022-லும் வந்த கே.ஜி.எஃப். திரைப்படங்கள் இந்த மேட்டை உலகம் முழுக்கக் காட்டின. 2024-ல் தங்கலான் வந்தபிறகு இன்னும் கூட்டம். மேட்டின் மேல் கைவிரித்து நின்று எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. பார்ப்பதற்குப் பாலைவனம் போலிருக்கும் என்பதைத் தவிர அந்தப் படங்களில் செய்தி இல்லை. செய்தி மேட்டுக்குக் கீழே இருக்கிறது. காற்றடிக்கும் நாளில் இந்த மாவு பறந்து பக்கத்து லைன்களின் அடுப்படிவரை வரும். கொடியில் காயும் வேட்டி பழுப்பாகும், தண்ணீர்ப் பானைக்கு மூடி போடாமல் இருக்க முடியாது. மூடி போட்ட பானை, ஜன்னலில் ஈரத்துணி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் பெருக்கும் பெண்: மேட்டின் உண்மையான படம் இது. இதை எடுத்தவர்கள் குறைவு.

நாலரை மணிக்குத் தெரு மறுபடி நிரம்புகிறது. கர்நாடகத்தில் ஏப்ரல் நடுவிலேயே பள்ளிக்கூடம் விட்டுவிடுவதால் மே முடியும்வரை தெரு பிள்ளைகளுடையது. லைனுக்கு நடுவே செங்கல் அடுக்கிய ஸ்டம்ப், டென்னிஸ் பந்து, ஒரே மட்டை. எதிர்வீட்டுச் சுவரில் நேராகப் பட்டால் நாலு, ஜன்னலில் பட்டால் அவுட், கூரைமேல் விழுந்தால் ஏறி எடுப்பவனே அடுத்து பேட்டிங் என்று ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சட்டப்புத்தகம். பெரிய பையன்கள் உரிகத்து ஜிம்கானா மைதானத்துக்குப் போவார்கள். கால்பந்தும் குத்துச்சண்டையும் கம்பெனிக் காலத்திலிருந்து இந்த ஊரின் ரத்தத்தில் உண்டு. மைதானத்தில் மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது கிளம்பும் செம்மண் தூசியில் விளையாடுகிறவர்களின் கால்கள் மறைந்து உடல்கள் மட்டும் மிதக்கும். நாளின் மிக அழகான வெளிச்சம் இதுதான், அரைமணி நேரம்கூட இருக்காது. துரைமார் பங்களாச் சாலைகளில் மே மாதத்தில் மயிற்கொன்றை பூத்துத் தரையெல்லாம் சிவப்பாகக் கிடக்கும். பங்களாக்கள் பல பூட்டியோ இடிந்தோ கிடக்கின்றன. பூ அதைப் பார்த்துப் பூப்பதில்லை.

சில நாள் ஐந்து மணிக்கு வானம் கறுக்கும். கோடைமழை இங்கே இடியோடும் காற்றோடும், சில சமயம் ஆலங்கட்டியோடும் வரும். இதை மாங்காய் மழை என்பார்கள். படமெடுப்பவர் மழைக்கு ஒதுங்குவது இயல்பு. ஒதுங்குகிற இடம் லைன் வீட்டு வாசலாக இருந்தால் லாபம்: வடாம் பாயை நாலு பேர் நாலு மூலை பிடித்து ஓடிவருவதும், கூரையிலிருந்து கொட்டும் தண்ணீருக்குக் குடம், அண்டா, வாளி என்று வீட்டில் இருக்கும் அத்தனையும் வெளியே வருவதும் பத்து நிமிடத்தில் நடந்து முடியும். காலையில் குழாயடியில் காத்திருந்த அதே ஆரஞ்சுக் குடம் இப்போது ஷீட்டுக்குக் கீழே நிரம்பி வழியும்.

கோடைத் தெருவுக்குத் திருவிழா முகமும் உண்டு. கோலார் வட்டாரத்தின் கோயில் திருவிழாக்களில் பூப்பல்லக்குக்குத் தனி மதிப்பு. இரவெல்லாம் விளக்கோடும் நாதஸ்வரத்தோடும் தெருச்சுற்றும். தங்கவயலுக்கே உரிய நாள் என்றால் ஏப்ரல் 14. மற்ற தமிழர்களுக்கு அன்று சித்திரைப் பிறப்பு, இங்கே அதைவிடப் பெரிதாக அம்பேத்கர் பிறந்தநாள். லைனுக்கு லைன் நீலக் கொடி, சாமியானா, சோறு, இரவில் ஊர்வலம். 1954-ல் அம்பேத்கர் இந்த ஊருக்கு நேரில் வந்திருக்கிறார். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே பௌத்தம் வந்துவிட்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் பெரிய துணை. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கக் கிளைகள் இருந்தன. பண்டிதர் 1914 மே மாதத்தில் மறைந்த பிறகு நின்றுபோன இதழை, 1926-ல் சாம்பியன் ரீஃபிலிருந்து அப்பாதுரையார் திரும்ப நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்துதான் அச்சிட்டது. ஆழத்தில் அறுபது டிகிரிச் சூட்டில் வேலை பார்த்துவிட்டு மேலே வந்து இதழ் படித்த, இதழ் நடத்திய தெரு இது. வைகாசிப் பௌர்ணமி இரவில் புத்த விகாரைக்கு முன்னால் வெள்ளை உடையில் அகல்விளக்கோடு நிற்கும் குடும்பங்களின் படம், தங்கவயல் என்றால் புழுதிமேடு என்று நினைப்பவருக்கு எதிர்ச்சாட்சி.

இரவு எட்டு மணிக்கு மேல் பெங்களூர் ரயில்கள் ஆட்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகின்றன. காலையில் ஓடியவர்கள் மெதுவாக இறங்குவார்கள். மல்லிகை வாடியிருக்கும். நிலையத்து வாசலில் ஷேர் ஆட்டோ, பஜ்ஜிக்கடையின் எண்ணெய்ப் புகை, பிள்ளைக்கு மாம்பழம் பேரம் பேசும் அப்பா. வீட்டுக்கு வந்து சாப்பிட்டவுடன் கட்டில் தெருவுக்கு வந்துவிடும். லைனில் அணையாத ஒரே வெளிச்சம் கிரிக்கெட் ஓடும் செல்போன் திரையாக இருக்கும். இந்த நேரத்துப் படங்களுக்கு ஃபிளாஷ் வேண்டாம். தூங்குகிறவர்கள் அதிகாலை ரயிலுக்கு எழுந்திருக்கவேண்டியவர்கள்.

வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மூடிய சுரங்கப் பகுதிகளுக்குள்ளும் பழைய குழிகளின் பக்கத்திலும் போகக்கூடாது. காவலும் உண்டு, ஆபத்தும் உண்டு. தெருவுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது, கேட்டுவிட்டு எடுத்தால் போதும். லைன் வீடுகளுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தால் சுவரைப் பாருங்கள். மாலை போட்ட தாத்தா படம் ஒன்று இருக்கும், ஸ்டுடியோவில் கோட்டு மாட்டி எடுத்தது. அவர் வேலை செய்த இடத்தில் அவரை யாரும் படமெடுக்கவில்லை. வாயிலில் உடல்சோதனை போட்டு அனுப்பிய இடம் அது. அதனால் நீங்கள் எடுத்த தெருப் படங்கள் உங்கள் செல்போனிலேயே தங்கிவிடவேண்டாம். ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோ ஒன்றில் பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவர்கள் கையில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு மாலை ரயிலேறுங்கள்.